பேச்சியக்காவும் இரண்டு நூலும்

செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். மான்குர்டு தாண்டி, வாஷிக்குப் போகும் கழிமுகப் பாலத்தின் மேல் வண்டி ஏறியிருந்தது. பாலத்து இரைச்சலில், பேச்சியக்காவின் மகள் மாரியின் குரல் பாதிதான் கேட்டது. "ஆன்ட்டி, அம்மா..." என்றாள். மிச்சத்தைச் சத்தம் விழுங்கிவிட்டது. பாலம் முடிந்ததும் நானே கூப்பிட்டேன். "காலையில எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தா ஆன்ட்டி. மிஷின்ல வந்து உக்காந்தா. அப்டியே சாஞ்சிட்டா. ரிக்‌ஷா பிடிக்கிறதுக்குள்ள எல்லாம் கதம், முடிஞ்சிருச்சு" என்றாள். அழவில்லை. பக்கத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

வாஷியில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, தாராவி போய்ச் சேர்ந்தேன். சந்து முழுக்கப் பெண்கள். பேச்சியக்காவைப் பட்டறையிலேயே கிடத்தியிருந்தார்கள். தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளினால்தான் அங்கே ஒரு ஆள் படுக்க இடம். மாலையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "கை சுத்தமான தையக்காரிளா. அந்தக் குடை விசயத்துலதான் கோட்டை விட்டுட்டா, பாவம். ஒரு ஆளு காலு போச்சுல்லா."

'இல்லையம்மா' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லாமல் இருந்து பழகிய வாய் அது.

பதினாறாம் நாளுக்காகப் பேச்சியக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி பட்டறைப் பெண்கள் கேட்டார்கள். அவருடைய சுறுசுறுப்பையும் நல்ல குணத்தையும் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தக் குடை கிழிந்ததற்குக் காரணம் பேச்சியக்கா அல்ல. நான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் பூசி மெழுகிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் செம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நான் பொம்மை விமானம் செய்யும் கம்பெனியில் இருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு. நாங்கள் செய்வது பொம்மை அல்ல. ஆளில்லாமல் பறக்கும் ஆயுதம். இரண்டு பேர் தூக்கக்கூடிய சின்ன விமானம், அதன் மூக்கில் வெடிமருந்து. வானத்தில் வட்டமடித்துக்கொண்டே இலக்கைத் தேடும். கிடைத்தால் அதன் மேல் போய் விழுந்து தன்னையும் அழித்துக்கொள்ளும். இந்த மாதிரி ஆயுதங்கள் இன்று உலகத்தின் எல்லாப் போர்களிலும் பறக்கின்றன.

எங்களுடையதில் ஒரு வித்தியாசம் உண்டு. அது திரும்பி வரும். இலக்கு கிடைக்காவிட்டாலோ, கீழே இருப்பது யாரென்று சந்தேகம் வந்துவிட்டாலோ, இயக்குகிறவர் அதைத் திரும்பக் கூப்பிடலாம். புறப்பட்ட இடத்துக்கு மேலே வந்து, எஞ்சினை நிறுத்தி, பாராசூட்டை விரித்து இறங்கும். அந்தப் பாராசூட்டைத்தான் பேச்சியக்கா குடை என்றார். பிறகு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சத்ரி, குடை என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

குடை என்னுடைய யோசனை. எங்கள் மேலாளர் ஜோஷிக்கு அது பிடிக்கவே இல்லை. குடையின் எடைக்குப் பதில் எரிபொருள் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் பறக்குமே என்பார். "போன குண்டு எதுக்கு வீட்டுக்கு வரணும்? அதுக்கு யார் சாப்பாட்டு டப்பா கட்டி வச்சிருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டுச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அது ஒரு எடைக் கணக்கு, அவ்வளவுதான்.

குடை தைக்க ஆள் தேடித்தான் தாராவிக்கு வந்தேன். பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். யாரோ கைகாட்டி, பள்ளிக்கூடப் பைகளும் மழைக்கோட்டும் தைத்துக்கொண்டிருந்த பேச்சியக்காவின் பட்டறைக்கு ஏணியில் ஏறிப் போனேன். ஆறு மிஷின், ஆறு பெண்கள். மாதிரித் துணியை நீட்டினேன். அவர் அதை விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் ஒரு இழையை உருவி, பல்லில் கடித்துப் பார்த்தார்.

"துணி நல்லாருக்கு. என்னத்துக்கு இது?"

"ஒரு மிஷினுக்குப் பாராசூட்."

"என்ன மிஷினு?"

சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். அவர் துணியை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "மேடம், பைக்குள்ள என்ன வைக்கப் போறாவோன்னு தெரிஞ்சாத்தான் பையத் தைக்க முடியும். தக்காளி வைக்கிற பை வேற, செங்கல்லு வைக்கிற பை வேற. சொல்லாம குடுத்தியள்னா நான் தைக்க மாட்டேன்."

அனுமதி வாங்கிக்கொண்டு மறுவாரம் வந்து, சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னேன். மிஷின்கள் நின்றன. ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது பேச வேண்டுமே என்று, மனிதர்கள் போருக்காக என்னென்னவோ யோசித்திருக்கிறார்கள் என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். குண்டுக்குள் புறாவை உட்கார வைத்து வழிகாட்டப் பழக்கியது, வௌவால் உடம்பில் தீக்குண்டைக் கட்டியது, காகிதத்தை ஒட்டிப் பெரிய பலூன் செய்து கடலுக்கு அந்தப் பக்கம் குண்டு அனுப்பியது. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். இஞ்சினியர்களுக்கு இதில் ஒரு ரகசியக் குஷி உண்டு. எத்தனை கெட்ட காரியமாக இருந்தாலும் சாமர்த்தியமாகச் செய்திருந்தால் கண் விரிந்துவிடும்.

பேச்சியக்காவுக்குக் கண் விரியவில்லை. "அந்த வௌவாலு என்னாச்சு?" என்றார்.

"சில வௌவால் சோதனையிலேயே தப்பிச்சுப் போய், அவங்க சொந்தக் கட்டடத்தையே எரிச்சிடுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "காயிதப் பலூன யாரு ஒட்டுனது?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களை வச்சு ஒட்டினாங்க."

"அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா, என்னத்த ஒட்டுதோம்னு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தன் பெண்களைப் பார்த்து, "ஏளா, கேட்டியளா? இது சண்டைக்குப் போற சாமான். ஆனா நாம தைக்கது அது திரும்பி வாறதுக்கு. மனசு ஒப்பாதவ இப்பமே சொல்லிருங்க" என்றார். ஒருத்தி எழுந்து பை தைக்கும் மிஷினுக்கு மாறி உட்கார்ந்தாள். பேச்சியக்கா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் அவள் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றவரும் அவர்தான்.

முதல் குடைகள் நன்றாக வந்தன. அப்புறம் விமானம் கொஞ்சம் கனமானது. குடையையும் விமானத்தையும் பிணைக்கும் நைலான் பட்டையை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. பட்டையின் கரையிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளித் தைக்க வேண்டும் என்ற அளவும் மாறியது. முறைப்படி வரைபடத்தைத் திருத்தி, மில்லிமீட்டரில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு நாலு நாள் ஆகும். சோதனைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சோதனையில் குடை சரியாக விரியாவிட்டால் அதை வடிவமைப்பிலிருந்தே எடுத்துவிடுவதாக ஜோஷி கறாராகச் சொல்லியிருந்தார்.

நான் ஒரு சீட்டை எடுத்துத் தமிழில் எழுதினேன்: 'பட்டைக் கரையிலிருந்து 2 நூல் விட்டுத் தைக்கவும்.'

கடைசல் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். அங்கே இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். இந்திக்காரர்கள் சூத் என்பார்கள், அதுவும் நூல்தான். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். எங்கள் கடைசல்காரர்களிடமிருந்து இந்த அளவைக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரே பெருமை. இங்கிலீஷில் படித்த மாட்டுங்காக்காரிக்குப் பட்டறைத் தமிழ் அத்துப்படி என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. துணியோடே வாழ்கிற ஒருத்திக்கு நூல் என்றால் என்ன என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். துணிக்காரிக்கு நூல் என்றால் நூல். நெய்த இழை. கரையிலிருந்து இரண்டு இழை தள்ளித் தை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊசிமுனை கரையையே குத்தும் தூரம் அது.

இதோடு நின்றிருந்தால் சொல் தவறு, தெரியாமல் நடந்தது என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். நிற்கவில்லை. மறுநாள் பேச்சியக்கா எனக்கு போன் செய்தார். நான் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். குடை வேண்டுமா வேண்டாமா என்று ஜோஷி மறுபடியும் போட்ட கூட்டம் அது.

"மேடம், ரெண்டு நூலுன்னு எழுதிருக்கியள்லா, அது சரிதானா?"

"சரிதான் அக்கா."

"கரையில ஊசி எறங்குனா கரை போயிருமே. நான் கூடக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடட்டா?"

"அக்கா, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்கேன். ரெண்டு நூல். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"ஒருக்க யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டேன். அவர் கேட்டதை நான் கேட்கவே இல்லை. கரையில் ஊசி இறங்கும் என்று அவர் சொன்ன உடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கால் இஞ்ச் தள்ளினால் ஊசி எப்படிக் கரையில் இறங்கும்? என் மண்டையில் ஜோஷியின் எடைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குடையைக் காப்பாற்றப் போகிற அவசரத்தில் குடையைக் கிழித்தவள் நான்தான்.

தைத்த இடத்தின் மேல் ஒரு உறையைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். அதனால் பட்டைகள் எங்களிடம் வந்தபோது உள்தையல் வெளியே தெரியவில்லை. தைக்கும்போது போய்ப் பார்த்திருக்க வேண்டியது என் வேலை. போகவில்லை.

சோதனை நகரத்துக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் நடந்தது. காலை வெயில். வெடிமருந்துக்குப் பதில் மூக்கில் மணலை அடைத்திருந்தோம். விமானம் ஏறி, சொன்னபடி வட்டமடித்து, திரும்பி வந்தது. எஞ்சின் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஆரஞ்சு நிறத்தில் குடை விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜோஷிகூடத் தட்டினார். நான் அவரைத் திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில்தான் புதுத்துணியைக் கிழிக்கும் சத்தம் மேலிருந்து கேட்டது. ஒரு பட்டை போயிற்று. விமானம் ஒரு பக்கமாகத் தொங்கி ஆடியது. அடுத்த பட்டையும் போயிற்று. குடை காற்றோடு போக, விமானம் நேரே இறங்கியது. கீழே எங்கள் டெக்னீசியன் திலீப் நின்றுகொண்டிருந்தான். ஓடினான். கல் தடுக்கி விழுந்தான். இறக்கை அவன் முழங்காலில் விழுந்தது.

அவன் அலறியது எனக்கு இன்றும் கேட்கும். அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, போய், அறுந்த பட்டையின் உறையைக் கத்தியால் பிரித்தேன். தையல் அழகாக, ஒரே நேராக இருந்தது. கரையிலிருந்து இரண்டு இழை தள்ளி. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே அந்தப் புழுதியில் உட்கார்ந்துவிட்டேன்.

திலீப் பிழைத்தான். கால் மட்டும் பழையபடி மடங்காது. இப்போது அலுவலகத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறான். தினமும் என் மேஜையைத் தாண்டித்தான் போவான்.

நாலு நாள் கழித்து விசாரணை. செம்பூர் அலுவலகத்தில், கண்ணாடி அறையில், ஜோஷியும் வெளியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிறவர் போல வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே. அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஜோஷி ஆரம்பித்துவிட்டார். இது வடிவமைப்பின் தவறு என்றால் குடையை இன்றே எடுத்துவிடலாம், குடையை வடிவமைத்தவரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும், தைத்தவர் தவறு என்றால் ஆளை மாற்றினால் போதும் என்றார். எல்லாம் மரியாதையாக, இந்தியில்.

ஒரு அதிகாரி பேச்சியக்காவைப் பார்த்து, இப்படித் தைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தினேன். இதைத்தான் நான் இங்கே எழுத வேண்டும். எனக்கு அவர் பார்வை புரிந்தது. பேசு என்று அது கேட்டது. நான் மேஜையைப் பார்த்தேன்.

"கோயி நஹி போலா சாப்" என்றார் பேச்சியக்கா. "மேரா கல்தி. மை சமஜ்னே மே கல்தி கியா." யாரும் சொல்லவில்லை, தன் தப்பு, தான்தான் தவறாகப் புரிந்துகொண்டதாக அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

அளவு எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தமிழில், எழுத்துக் கூட்டி, பேச்சியம்மாள் என்று போட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். மூச்சு வாங்க, "ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

அவர் இடுப்புப் பையிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "மொதல்ல இது என்னன்னு சொல்லுங்க. ரெண்டு நூலுன்னா உங்களுக்கு என்ன?"

"கால் இஞ்ச்."

"கால் இஞ்சா!" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார், இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வரும் சிரிப்பு. "கால் இஞ்சுன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான? டேப்புல இருக்குல்லா! நாம ரெண்டு பேரும் தமிழு பேசிப் பேசி ஒரு ஆளு கால ஒடிச்சிட்டோமே மேடம்."

"நான் போய்ச் சொல்லிடறேன் அக்கா. இப்பவே."

"சொல்லி? உங்கள வெளிய அனுப்புவாவோ. உங்களோட குடையவும் தூக்கி வெளிய போட்டுருவாவோ. அதத்தான அந்தாளு காத்துக்கிட்டு இருக்காரு. நான் போனா வேற தையக்காரி வருவா. குடை இருக்கும்." கீழே ரயில் வந்துகொண்டிருந்தது. "போறது ஒவ்வொண்ணும் விழத்தான் செய்யும்னு ஆயிட்டா, பொறவு கீழ நிக்கவன் யாருன்னு பாக்கதுக்கு எவனுக்குப் பொறுமை இருக்கும்? அதக் கிழிச்சுப் போட்டுட்டுச் சோலியப் பாருங்க."

ரயில் ஏறிப் போய்விட்டார். நான் சீட்டை நாலாகக் கிழித்தேன். குப்பைத்தொட்டி தேடிப் போட்டேன். அவர் சொன்னார் என்பதற்காகக் கிழித்ததாகத்தான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வேலை போனது. குடை கிழிந்த கதை சந்து முழுக்கப் பரவி, மழைக்கோட்டு கொடுத்தவர்களும் வேறு இடம் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் டோம்பிவிலியில் வேறு பட்டறைக்குப் போனார்கள். நீங்கள் எல்லோரும் அவரை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினீர்கள். ஆனாலும் 'பாவம், அந்த ஒரு தடவை' என்ற பேச்சு கூடவே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் பேசாமல் இருந்தார். ஒரு சொல்லுக்காகக் கஸ்டமரோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற மனுஷி அவர். அவர் வாயை மூடிக்கொண்டிருக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

குடை நிலைத்தது. வாஷியில் ஒருவர் தைத்தார், இந்த முறை மில்லிமீட்டரில். பிறகு எல்லையில் பதற்றம் வந்த நாட்கள். எங்கள் விமானங்கள் போயின. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு செய்தி எங்களுக்கு வந்தது. ஒன்று குறித்த இடத்துக்கு மேலே போய் வட்டமடித்திருக்கிறது. அங்கே மொட்டை மாடியில் கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்திருக்கிறது, சின்னச் சின்னத் துணிகளும். இயக்கியவர் சந்தேகப்பட்டுத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். குடை விரிந்து, பத்திரமாக இறங்கியது.

இதைச் சொல்லக்கூடாது. ஆனாலும் அன்று சாயங்காலமே தாராவிக்கு ஓடினேன். பேச்சியக்கா பை தைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"பட்டை எங்கயும் பிரியலையே?"

"இல்லை."

"யாரு தச்சது?"

"வாஷியில ஒருத்தர்."

"நல்லாத் தச்சிருக்காரு." இன்னும் ஒரு சாண் தையல் ஓடியது. "மத்ததெல்லாம்?"

திரும்பி வராதவையும் இருந்தன. அவை எங்கே விழுந்தன, யார்மேல் விழுந்தன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மிஷினிலிருந்து காலை எடுத்தார். "ஒண்ணு வந்துச்சுல்லா" என்றார் கடைசியில். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அன்று நான் மறுபடியும் கேட்டேன், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று. "அடுத்த மிஷினு ஒண்ணு போடுதியள்லா, அதுலயும் குடை ஏறட்டும். பொறவு பாப்போம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஏணியில் இறங்கும்போது நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அந்தப் 'பொறவு' வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, மாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் இதுவரை எழுதியதை அவளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அடுத்த விமானத்தின் வடிவமைப்பு இப்போதுதான் நடக்கிறது, இந்த நேரத்தில் நான் உண்மையைச் சொன்னால் குடைக்கு ஆபத்து வரலாம், உன் அம்மாவும் அதைத்தான் பயந்தார் என்று இழுத்தேன். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மா சத்ரிக்காகச் சும்மா இருந்தா ஆன்ட்டி. ஓகே. நீங்க எதுக்காகச் சும்மா இருந்தீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்தேன். கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடும் என்று அதைவிடப் பயந்தேன். பேச்சியக்கா குடையைக் காப்பாற்றினார். நான் அந்தக் குடையைக் காட்டி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். மாரியிடம் இதைச் சொன்னபோது அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று திலீப்பின் மேஜைக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து ரெண்டு தடவை என்கிட்ட மாஃபி கேட்டாங்க" என்றான். இது எனக்குத் தெரியாது. செய்யாத தப்புக்கு அவர் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், செய்த நான் பழக்கூடை வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரித்திருக்கிறேன்.

இன்று காலை ஜோஷியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டு, போன், கிழித்தது, எல்லாம். கூடவே, தவறு என்னுடையது, குடையினுடையது அல்ல, அது திரும்பி வந்திருக்கிறது, அடுத்ததிலிருந்து அதை எடுக்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அவர் படித்துவிட்டு மடித்து இழுப்பறையில் வைத்தார். என் வேலை இருக்குமா என்று தெரியாது. குடை இருக்குமா என்றும் தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பேச்சியக்காவைப் பற்றி இனி யாராவது 'அந்த ஒரு தடவை' என்று ஆரம்பித்தால், என் பெயரைச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அவர் கையால் ஒரு தையல்கூடத் தவறியதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தத் தப்பை மட்டும்தான். அது முதலிலிருந்தே என்னுடையது.